உங்களுக்குத் தெரியுமா? தாளத்துக்குக் கட்டம் அடுக்கும் லுமினெஸ்

பாட்டும் புதிரும் கலந்த வீடியோ கேம் என்று பேச்செடுத்தால், இருபது வருடங்களாக ஆட்டக்காரர்கள் வாயில் முதலில் வரும் பெயர் லுமினெஸ். பிறந்த நாடு ஜப்பான். சிலர் இதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலர் குறை சொல்லிக்கொண்டே விடாமல் ஆடுகிறார்கள். இரு தரப்பும் சொல்வதையும், அந்த கேமும் அதன் சொந்தபந்தங்களும் வந்த கதையையும் சேர்த்து இந்த இதழின் துணுக்குகள்.

● சோனியின் கையடக்கக் கன்சோலான பி.எஸ்.பி. ஜப்பானில் 2004 டிசம்பர் 12 அன்று விற்பனைக்கு வந்தது. லுமினெஸும் அன்றே வந்தது. 2005 மார்ச்சில் அமெரிக்காவிலும் அப்படித்தான். கன்சோலும் கேமும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. புதுக் கன்சோலோடு வரும் கேம்கள் பெரும்பாலும் ஆறு மாதத்தில் மறந்துபோகும். இது நின்றது. விமர்சகர்கள் தந்த மதிப்பெண்களுக்குச் சராசரி போடும் மெட்டாக்ரிடிக் கணக்கில் 100-க்கு 89 வாங்கியது.

● விதியைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் கொண்ட துண்டு ஒன்று மேலிருந்து இறங்கும். அதன் கட்டங்கள் இரண்டு நிறங்களில் ஏதோ ஒன்றாகவோ இரண்டும் கலந்தோ இருக்கும். கீழே அடுக்கும்போது ஒரே நிறத்தில் நான்கு கட்டங்கள் சதுரமாகச் சேர்ந்துவிட்டால் அந்தச் சதுரம் அழியத் தயார். ஆனால் உடனே அழியாது. திரையில் ஒரு செங்குத்துக் கோடு இடமிருந்து வலமாகப் பாட்டின் வேகத்தில் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கோடு வந்து கடந்தால்தான் சதுரம் மறையும். கோடு வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் லுமினெஸின் உயிர்.

● மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் புகழ்பெற்ற புதிர் கேமான டெட்ரிஸில் ஏழு வகைத் துண்டுகள். லுமினெஸில் ஆறே ஆறு. நான்கு கட்டத்துக்கு இரண்டு நிறம் என்றால் 16 விதமாக நிறம் போடலாம். திருப்பினால் ஒன்றுபோல் ஆகிவிடுகிறவற்றைக் கழித்தால் ஆறுதான் மிஞ்சும்: முழுக்க ஒரு நிறம், முழுக்க மறு நிறம், மூன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு மூன்று, பாதிக்குப் பாதி, கடைசியாகக் குறுக்கும் மறுக்குமாக நிறம் மாறி நிற்பது. ஆடுகிறவர்களுக்கு எரிச்சல் மூட்டுவது இந்தக் கடைசித் துண்டுதான். எப்படித் திருப்பினாலும் பக்கத்துக் கட்டம் ஒரே நிறமாக வராது.

● டெட்ரிஸில் தவறான இடத்தில் துண்டை வைத்தால் அடியில் ஓட்டை விழும். அந்த ஓட்டை கடைசிவரை உயிரை வாங்கும். லுமினெஸில் ஓட்டையே கிடையாது. மேடுபள்ளத்தில் துண்டு விழுந்தால் அது இரண்டாகப் பிளந்து, தொங்கும் பாதி தானாகக் கீழே சரிந்துவிடும். "மனசுக்கு இதமாக இருக்கிறது" என்று பலர் சொல்வதற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். இங்கே தவறு செய்தால் ஓட்டை விழாது, நிறம்தான் கலையும். நிறத்தை மீண்டும் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்.

● ஆடுகளம் 16 கட்டம் அகலம், 10 கட்டம் உயரம். டெட்ரிஸின் நெட்டுக்குத்தான கிணறு இங்கே படுத்துக்கொண்டது. பி.எஸ்.பி.யின் அகலத் திரையில் இது கச்சிதமாக உட்கார்ந்தது.

● சதுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளலாம் என்பதைப் புதிதாக ஆடுகிறவர்கள் சட்டென்று கவனிப்பதில்லை. இரண்டு வரிசை உயரம், ஐந்து கட்டம் அகலம் என்று ஒரே நிறத்தில் பத்துக் கட்டங்கள் அடுக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கேம் அதை நான்கு சதுரமாக எண்ணும். அதன்மேல் இன்னொரு வரிசை, ஐந்தே கட்டம் சேர்த்தால் எட்டுச் சதுரம். கட்டம் பாதிதான் கூடியது, சதுரம் இரட்டிப்பாகிவிட்டது. கோடு ஒருமுறை கடக்கும்போது நான்கோ அதற்கு மேலோ சதுரங்கள் அழிந்தால் போனஸ் பெருக்கல் தொடங்கும். அடுத்தடுத்த கடத்தலிலும் இதே மாதிரி அழித்தால் பெருக்கல் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கடைசி ஐந்து கட்டத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் ஆட்டக்காரர்கள் உண்டு.

● கோடு பாதி கடந்துகொண்டிருக்கும்போது அதன் மேலேயே ஒரு சதுரத்தை அமைத்தால் என்ன ஆகும்? பாதி மட்டும் அழியும். மீதி பாதி அப்படியே நிற்கும். ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. "கேம் ஏமாற்றிவிட்டது" என்று புதியவர்கள் கத்துவது இந்த இடத்தில்தான். நாலைந்து ஆட்டம் ஆனதும் கத்தல் நின்றுவிடும். கண் துண்டிலிருந்து விலகிக் கோட்டின் மேல் போய்விடும்.

● களத்தில் உள்ள அத்தனை கட்டங்களையும் துடைத்துவிட்டால் 10,000 புள்ளி. ஒரே நிறம் மட்டும் மிஞ்சும்படி செய்தால் 1,000. முதலாவது அபூர்வம். இரண்டாவது கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்குக் கைகூடும்.

● இனி சண்டை நடக்கும் இடத்துக்கு வருவோம். லுமினெஸில் பின்னணிக் காட்சி, கட்டங்களின் உருவம், பாட்டு மூன்றும் சேர்ந்த தொகுப்புக்கு 'ஸ்கின்' என்று பெயர். ஆடிக்கொண்டே போகும்போது ஸ்கின் மாறும்; பாட்டு மாறும்; பாட்டோடு கோட்டின் வேகமும் மாறும். வேகமான பாட்டு என்றால் கோடு சரசரவென்று ஓடும். கட்டிய சதுரங்களை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆபத்து குறைவு. ஆனால் பெரிய அடுக்கு கட்ட அவகாசம் இல்லாததால் புள்ளியும் குறைவு. மெதுவான பாட்டு என்றால் கோடு ஊர்ந்து வரும். இரண்டு கடத்தலுக்கு இடையில் எத்தனையோ துண்டுகளை அடுக்கலாம், புள்ளி கொட்டும். அதே சமயம், முடித்து வைத்த சதுரங்கள்கூட அழியாமல் கிடப்பதால் அடுக்கு உச்சியை நோக்கி ஏறும். களத்தின் இடது ஓரத்தில் மூன்று வரிசை ஆரஞ்சு தயாராகப் பளபளக்கிறது; கோடு இப்போதுதான் அதைத் தாண்டி நடுவில் போகிறது; அது வலது ஓரம் போய்த் திரும்பி வருவதற்குள் இன்னும் நாலு துண்டு இறங்கும். விரல் வியர்க்கும் நேரம் அது. அமைதியான பாட்டு ஓடும்போதுதான் ஆட்டம் மிகக் கடினமாகிறது என்பது இந்த கேமின் ஆகப் பெரிய அழகு.

● "ஒரே திறமைதான், பாட்டு மாறினால் ஸ்கோர் மாறுகிறது. இது நியாயமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் பாட்டு மாறியும் ஆட்டம் மாறாமல் இருந்தால் பாட்டு வெறும் பின்னணிதானே? அந்தப் புகாரை எடுத்துவிட்டால் லுமினெஸே இல்லாமல் போய்விடும். நான் கேமின் பக்கம்.

● அடுத்த வாதம் இன்னும் சுவையானது: லுமினெஸ் உண்மையில் தாள விளையாட்டுதானா? தாளத்துக்குச் சரியாகப் பட்டனைத் தட்டினால் கூடுதல் புள்ளி எதுவும் கிடையாது. தாளம் தப்பினால் தண்டனையும் இல்லை. "பிறகு எப்படி இதைத் தாள விளையாட்டு என்கிறீர்கள்?" என்று கறார் ஆசாமிகள் கேட்கிறார்கள். மற்றவர்களின் பதில்: துண்டை நகர்த்தினால், திருப்பினால், போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி எழுகிறது. அந்த ஒலி அந்தப் பாட்டுக்கென்றே செய்தது. கொஞ்ச நேரத்தில் கை தானாகவே பாட்டோடு சேர்ந்து தட்ட ஆரம்பிக்கிறது. கச்சேரியில் யாரும் சொல்லாமலே தொடையில் தாளம் போடும் ரசிகரைப் போல. கட்டாயப்படுத்தாமல் தாளத்துக்குள் இழுத்துக்கொள்வது பெரிய வித்தை, கட்டாயப்படுத்துவது எளிது.

● கட்டாயப்படுத்தும் கேமும் உண்டு, அதுவும் அருமையான கேம். கனடாவின் பிரேஸ் யுவர்செல்ஃப் கேம்ஸ் 2015-இல் வெளியிட்ட கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர். பாதாள அறைகளில் அரக்கர்களோடு சண்டை. ஒவ்வோர் அடியையும் தாளத்துக்குத்தான் எடுத்து வைக்க வேண்டும். அரக்கர்களும் தாளத்துக்குத்தான் நகரும். எந்த அரக்கன் எத்தனை தட்டுக்கு ஒருமுறை அசைவான் என்று கண்டுபிடிப்பதுதான் புதிர். தாளம் தப்பினால் நாணயப் பெருக்கல் போய்விடும். காலால் மிதித்து ஆடும் டான்ஸ் பேடிலும் இதை ஆடலாம். இசை டேனி பரனோவ்ஸ்கி. கடைக்காரர் பாத்திரம் பாட்டோடு சேர்ந்து பாடுவார், கடையை நெருங்க நெருங்கக் குரல் பெரிதாகும். தாள ஞானம் வராதவர்களுக்காகப் 'பார்ட்' என்ற பாத்திரமும் வைத்திருக்கிறார்கள். அவரை எடுத்துக்கொண்டால் தாளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2019-இல் நிண்டெண்டோ தன் ஸெல்டா உலகத்தையே இந்தக் குழுவுக்குக் கொடுத்து 'கேடன்ஸ் ஆஃப் ஹைரூல்' செய்ய வைத்தது.

● லுமினெஸைப் படைத்தவர் டெட்சுயா மிசுகுச்சி. செகா நிறுவனத்தில் செகா ராலி என்ற கார் பந்தய கேமைச் செய்தவர். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ஸ்ட்ரீட் பரேட் என்ற பிரம்மாண்டமான தெரு நடன விழாவைப் பார்த்தபின் இசையின் பக்கம் திரும்பினார். 2001-இல் வந்த 'ரெஸ்' அதன் விளைவு. ஓசையை நிறமாகக் கண்ட ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கிக்கு அந்த கேமைக் காணிக்கையாக்கியிருக்கிறார்.

● 2003-இல் செகாவை விட்டு வெளியேறி க்யூ என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். பி.எஸ்.பி.யை 21-ஆம் நூற்றாண்டின் வாக்மேன் என்று சோனி சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஹெட்போனோடு கையில் எடுத்துச் செல்லும் கருவி என்றால் அதற்கு இசை கேம்தான் பொருத்தம் என்று அவருக்குப் பட்டது.

● அவர் முதலில் செய்ய விரும்பியது டெட்ரிஸையே இசையோடு சேர்ப்பது. உரிமைச் சிக்கலால் முடியவில்லை. கைக்கு எட்டாத அந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான் லுமினெஸ். 14 வருடம் கழித்து, 2018 நவம்பரில், அந்த ஆசையும் நிறைவேறியது. டெட்ரிஸ் எஃபெக்ட் என்ற பெயரில் இசையோடு கூடிய டெட்ரிஸை அவருடைய என்ஹான்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆடி முடித்துவிட்டுக் கண் கலங்கியதாகப் பலர் சொன்னார்கள். கட்டம் விழும் கேமுக்குக் கண்ணீரா என்று கேட்பவர்கள் முதல் பாட்டின் குரல் எழும்பும் இடம்வரை ஆடிப் பார்க்கட்டும்.

● டெட்ரிஸ் எஃபெக்டில் எல்லோரும் ஒரே குரலில் பாராட்டிய அம்சம் 'ஸோன்'. பட்டனை அழுத்தினால் துண்டு விழுவது நின்றுவிடும், இசையும் அடங்கும். முடித்த வரிசைகள் அழியாமல் அடியில் போய்ச் சேரும். நேரம் முடிந்ததும் மொத்தமும் ஒரே வெடிப்பில் மறையும். ஒரே குரலில் குறை சொன்னதும் ஒன்று உண்டு: பயணம் போல அமைந்த 'ஜர்னி' முறையில் வேகம் திடீரென்று எகிறிவிடுகிறது.

● டெட்ரிஸ் எஃபெக்ட் என்ற பெயர் கேமுக்கு முன்பே இருந்தது. நீண்ட நேரம் ஆடிவிட்டுக் கண்ணை மூடினால் கட்டங்கள் விழுவது தெரியும் அல்லவா, அதற்குத்தான் அந்தப் பெயர். ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழு இதை ஆராய்ந்து 2000-இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வெளியிட்டது. மறதி நோயால் ஆடியதையே மறந்துவிட்ட நோயாளிகளில் சிலருக்கும் தூங்கப் போகும்போது அந்த உருவங்கள் தெரிந்தன. லுமினெஸ் ஆடுகிறவர்கள் இதற்கு மேலே ஒன்று சொல்கிறார்கள்: படத்தோடு பாட்டும் கேட்கிறதாம்.

● லுமினெஸின் முதல் ஸ்கின் 'ஷைனின்'. மோண்டோ குரோசோ என்ற பெயரில் இசையமைக்கும் ஷின்இச்சி ஓசாவாவின் பாட்டு. கேமின் பெரும்பகுதி இசை தகாயுகி நாகாமுராவுடையது. இப்போது ஆட்டக்காரர்களின் நியாயமான மனக்குறைக்கு வருகிறேன். சேலஞ்ச் முறையில் எப்போது ஆடினாலும் ஷைனினிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடுவில் தோற்றால் மறுபடி ஷைனின். புது ஸ்கின்னைப் பார்க்க ஆசைப்படுகிறவர், ஏற்கெனவே மனப்பாடமான பாட்டுகளையெல்லாம் தாண்டி நெடுநேரம் ஆடியாக வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப்போகும் கருவிக்கு இது பொருந்தவே இல்லை. அந்தப் பாட்டு எத்தனை நல்ல பாட்டாக இருந்தாலும் சரி.

● கைதேர்ந்தவர்களுக்கு வேறொரு குறை. முதல் லுமினெஸில் ஸ்கோர் 9,99,999-க்கு மேல் ஏறாது. அங்கே வந்து முட்டி நின்றுவிடும்.

● கணினியோடு மோதும் முறையில் களத்தை நடுவில் ஒரு சுவர் பிரிக்கும். எதிராளி நன்றாக ஆடினால் சுவர் உங்கள் பக்கம் நகரும். உங்கள் இடம் சுருங்கிக்கொண்டே வரும். மேல்நிலைச் சுற்றுகளில் கணினி கொஞ்சமும் இரக்கம் காட்டுவதில்லை என்பது அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் ஒருமித்த புலம்பல்.

● 2006-இல் வந்த லுமினெஸ் II-இல் க்வென் ஸ்டெஃபானி, பிளாக் ஐட் பீஸ், கெமிக்கல் பிரதர்ஸ் என்று பெரிய பெயர்களின் பாட்டு வீடியோக்கள் பின்னணியில் ஓடின. பலர் ரசித்தார்கள். இன்னும் பலர், வீடியோவின் அசைவில் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று முகம் சுளித்தார்கள். பின்னவர்கள் சொன்னது சரி. கேமுக்காகப் பிறந்த பாட்டும் கேமுக்குள் கொண்டுவந்து வைத்த பாட்டும் ஒன்றாக ஒட்டுவதில்லை.

● அதே 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த லுமினெஸ் லைவ் வேறு காரணத்துக்காகத் திட்டு வாங்கியது. விலை 1,200 மைக்ரோசாஃப்ட் பாயிண்ட், அதாவது 15 டாலர். அன்றைய டவுன்லோடு கேம்களுக்கு அது கூடுதல். அதைக் கொடுத்தும் முழு கேம் வரவில்லை. மீதியைத் தனித்தனித் தொகுப்பாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. துண்டு துண்டாக கேம் விற்கும் வழக்கத்தை எதிர்த்து எழுந்த ஆரம்பகாலக் குரல்களில் இதுவும் ஒன்று.

● 2007 ஜூனில் பழைய லுமினெஸ் டிஸ்க்குகள் திடீரென்று பரபரப்பாக விற்றன. காரணம் பாட்டும் இல்லை, புதிரும் இல்லை. கேமின் சேவ் ஃபைலில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாக பி.எஸ்.பி.யின் பூட்டை உடைக்கலாம் என்று 'நூப்ஸ்' என்ற ஹேக்கர் குழு கண்டுபிடித்தது. தாங்களே எழுதிய நிரல்களைக் கன்சோலில் ஓட்ட விரும்பியவர்கள் அமேசானில் இந்த கேமை விழுந்து விழுந்து வாங்கினார்கள்.

● 2010-இல் 'சைம்' என்று இன்னொரு கேம் வந்தது. களத்தைத் துண்டுகளால் நிரப்ப நிரப்பப் பாட்டு அடுக்கடுக்காக வளரும். ஃபிலிப் கிளாஸ், மோபி ஆகியோரின் இசை அதில் உண்டு. வருமானம் குழந்தைகளுக்கான அறக்கட்டளைகளுக்குப் போனது. பாட்டுகள் ஐந்தே ஐந்து என்பதுதான் ஆடியவர்களின் ஒரே ஏக்கம்.

● 2018 ஜூன் 26 அன்று வந்த லுமினெஸ் ரீமாஸ்டர்டு, முதல் கேமை நவீனக் கன்சோல்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தது. நிண்டெண்டோ ஸ்விட்சில் ஒரு விசேஷம்: கூடுதல் ஜாய்-கான் கன்ட்ரோலர்களை இணைத்துச் சட்டைப் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டால் அவையும் பாட்டின் தாளத்துக்கு அதிரும். காது கேளாதவரும் உடம்பால் தாளத்தை உணர முடியும் என்பதால் இதை வெறும் அலங்காரம் என்று நான் ஒதுக்கமாட்டேன்.

● புது வரவு லுமினெஸ் அரைஸ், 2025 நவம்பரில் வந்தது. 'பர்ஸ்ட்' என்ற புது வசதி: சிறிது நேரத்துக்கு ஒரே நிறத்தில் ஒரு பெரும் சதுரத்தை வளர்த்துக்கொண்டே போகலாம், மாற்று நிறக் கட்டங்கள் மேலே தூக்கி எறியப்பட்டு, முடிந்ததும் மொத்தமாக இறங்கும். தோற்கும் நிலையிலிருந்து மீள இது கைகொடுக்கிறது. பழையவர்களில் ஒரு சாரார், காட்சிகளின் ஆடம்பரம் கண்ணைக் கூசச்செய்து கட்டங்களை மறைக்கிறது என்கிறார்கள். இருபது வருடம் முன்பு லுமினெஸ் II மேல் வைத்த அதே குற்றச்சாட்டு. இரண்டு நிறத்தைப் பிரித்துப் பார்ப்பதே முழு வேலையாக இருக்கும் ஒரு கேமில், நிறம் தெளிவாகத் தெரிவது முதல் கடமை. நிறக்குருடு உள்ள ஆட்டக்காரர்களுக்கு அது இன்னும் முக்கியம். தயாரிப்பாளர்கள் இதை அடுத்த முறையாவது தலையாய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

● இதுவரை ஆடாதவர்கள் ரீமாஸ்டர்டிலிருந்து தொடங்கலாம். சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். முதல் சில ஆட்டங்களில் ஸ்கோரைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பாருங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ஆடிப் பார்த்து, "இதில் என்ன இருக்கிறது?" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.